‘தண்ணி வருமா?’: சேலத்திலிருந்து கடலூருக்குக் குடிபோன ஒரு குடும்பம் (நிகழ்வு ஆய்வு)

பின்னணி

2024 மே முதல் வாரத்தில், சேலம் கன்னங்குறிச்சியில் எங்கள் தெருவில் இருந்த ஒரு குடும்பத்துக்கு இடமாற்றல் உத்தரவு வந்தது. மருமகள் வங்கி ஊழியர். பதவி உயர்வு கொடுத்து, கடலூரில் மஞ்சக்குப்பம் கிளையில் போட்டிருந்தார்கள். ஜூன் இரண்டாவது வாரத்துக்குள் சேர்ந்தாக வேண்டும். கணவர் செவ்வாய்ப்பேட்டையில் நாலைந்து வெள்ளிப் பட்டறைகளுக்குக் கணக்கு எழுதுகிறவர். வேலையைக் கையோடு கொண்டுபோகலாம், ஆனால் மாதத்தில் இரண்டு தடவையாவது சேலம் வந்தாக வேண்டும். மகள் ஏழாம் வகுப்புக்குப் போகிறாள். கணவரின் அம்மாவுக்கு 68 வயது, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். நால்வரில் யாரும் கடலோரத்தில் தொடர்ந்தாற்போல ஒரு வாரம்கூட இருந்ததில்லை. கடலூர் என்றால் அவர்களுக்குத் தெரிந்தது பாண்டிச்சேரி போகிற வழியில் இறங்கிப் பார்த்த சில்வர் பீச் மட்டும்தான்.

நான் ஓய்வு பெற்ற நில அளவையர். வீடு பார்க்கக் கூட வரச் சொன்னார்கள், போனேன். ஆகவே இதில் நான் வெறும் சாட்சி இல்லை. சரியாகப் போனதிலும் தவறாகப் போனதிலும் எனக்குப் பங்கு உண்டு. ஆட்களை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டு எழுதுகிறேன்.

சேலத்தில் உட்கார்ந்தபடி பார்த்தது

சேலத்தில் வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறவர் வாசலில் நின்று முதலில் கேட்பது “தண்ணி வருமா?” என்றுதான். மேட்டூர்த் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு தடவை, போர் எத்தனை அடி, கோடையில் வற்றிப்போகுமா என்பதெல்லாம் அந்த ஒரு கேள்விக்குள் அடக்கம். கணவர் கடலூர்த் தரகரிடம் போனில் அதையேதான் கேட்டார்.

“அதெல்லாம் வராது சார், தைரியமா வாங்க” என்றார் தரகர்.

அவர் வெள்ளத்தைச் சொல்கிறார் என்று எங்களுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. போனை வைத்த பிறகு சிரித்தோம். அப்புறம் வரைபடத்தை விரித்தபோது சிரிப்பு வரவில்லை.

கடலூர் நகரம் ஆறுகள் கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது. வடக்கே தென்பெண்ணை. நடுவே, மஞ்சக்குப்பத்துக்கும் திருப்பாதிரிப்புலியூருக்கும் இடையில் கெடிலம். தெற்கே பழைய நகரத்தை ஒட்டி உப்பனாறு. மாவட்டத்தின் தென்பகுதியில் வெள்ளாறு, கொள்ளிடம். இவற்றில் இரண்டு எங்கள் ஊர்த் தண்ணீரையும் சுமந்துகொண்டு போகின்றன. ஆத்தூர் வழியாக ஓடும் வசிஷ்ட நதி, சுவேத நதியோடு சேர்ந்து வெள்ளாறாகிப் பரங்கிப்பேட்டை அருகே கடலில் கலக்கிறது. சேர்வராயன் மலையின் வடபக்கம் இறங்கும் வாணியாறு தென்பெண்ணையில் சேர்கிறது. ஏற்காட்டின் அந்தப் பக்கச் சரிவில் பெய்த மழை கடைசியில் போய்ச் சேருவது கடலூருக்கு வடக்கேதான். இதை மகளுக்குக் காட்டுவதற்காக வரைபடத்தில் நீலப் பென்சிலால் கோடு இழுத்தேன். ஆறு மாதம் கழித்து அந்தக் கோடு வேறு வேலைக்குப் பயன்பட்டது.

பழைய நிகழ்வுகளையும் தேதியோடு எழுதிக்கொண்டோம். 2004 டிசம்பர் 26 சுனாமியில் தேவனாம்பட்டினம் உள்ளிட்ட கடலோர ஊர்கள் அடிபட்டன. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரையைக் கடந்தது. 2015 நவம்பரில் மாவட்டம் முழுக்க வெள்ளம். 2021 நவம்பரில் தென்பெண்ணை கரைபுரண்டது. ஒவ்வொன்றும் அடித்த விதம் வேறு: ஒன்று கடல், ஒன்று காற்று, ஒன்று வானத்து மழை, ஒன்று ஆறு. நாங்கள் தண்ணீர் வந்த மூன்றையும் கூர்ந்து பார்த்தோம். காற்றைப் பற்றிப் பெரிதாக யோசிக்கவில்லை. அதற்குப் பின்னால் வருகிறேன்.

மே மாதத்தில் நேரில் பார்த்தது

மே 18, 19 சனி ஞாயிறு. ஆத்தூர், உளுந்தூர்பேட்டை, பண்ருட்டி வழியாக ஏறத்தாழ 200 கிலோமீட்டர். பண்ருட்டியில் பலாப்பழம் மலைபோலக் குவிந்துகிடந்த நேரம். பாட்டியைக் கூட்டிப் போகவில்லை, பஸ்ஸில் அவ்வளவு நேரம் காலைத் தொங்கப்போட்டு உட்கார முடியாது என்பதால். இதுதான் முதல் பிழை.

முதல் வீடு தேவனாம்பட்டினம் பக்கம், மாடியில் நின்றால் கடல் தெரிகிற வீடு. மகளுக்கு ஒரே ஆசை. நான் சன்னல் கம்பியை நகத்தால் சுரண்டினேன். பெயிண்ட் அப்பளம்போலப் பெயர்ந்து வந்தது, அடியில் துரு. மின்விசிறியின் தண்டு, கதவுக் கொண்டி, சுவிட்சு ஆணி என எல்லாவற்றிலும் அதே நிறம். வீட்டுக்காரம்மா ஒளிக்கவில்லை: “ஃபிரிட்ஜு, வாஷிங் மெஷினெல்லாம் இங்க சீக்கிரமே போயிடும்மா, உப்புக் காத்து.” கிணற்றுத் தண்ணீர் குளிக்க மட்டும்தான்.

இரண்டாவது வீட்டில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். நகரத்துக்கு வடக்கே, பாண்டிச்சேரி சாலைப் பக்கம், தென்பெண்ணைக்கு அருகே உள்ள ஒரு மனைப்பிரிவு. புது வீடு, தரைத்தளம், அகலமான அறைகள், கார் நிறுத்த இடம். வாடகை 8,500 ரூபாய், நாலு வீட்டில் குறைவு இதுதான். கணவர் மனதளவில் குடியேறியேவிட்டார். பையில் ஒரு டியூப் லெவல் கொண்டுபோயிருந்தேன், கொத்தனார்கள் வைத்திருப்பதுதான், தண்ணீர் நிரப்பிய இருபதடி பிளாஸ்டிக் குழாய். ஒரு முனையைக் கணவர் சாலையின் நடுவில் பிடித்தார், மறுமுனையை நான் வாசற்படியில் பிடித்தேன். குழாயில் தண்ணீர் ஆடி அடங்கக் காத்திருந்து அளந்தால், வீட்டுத் தரையைவிடச் சாலை ஓரடி இரண்டு அங்குலம் உயரம்.

“ரோட்டு மேல ரோடு போட்டு ஒசத்திட்டாங்க சார், நாம என்ன பண்றது” என்றார் வீட்டுக்காரர்.

அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. ஆனால் பக்கத்து வீட்டுக்குத் தண்ணீர் குடிக்கப் போனபோது, அங்கே பிளக் பாயிண்ட் எல்லாம் தோள் உயரத்தில் இருந்ததைப் பார்த்தேன். ஃபிரிட்ஜு செங்கல் அடுக்கின் மேல் நின்றது. சுற்றுச்சுவரில் இடுப்பளவுக்குக் கீழே பூச்சு புதிது, மேலே பழையது. தெருமுனையில் இஸ்திரி போடுகிறவரிடம் கேட்டேன். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு இடுப்பைத் தொட்டுக் காட்டினார். “பதினஞ்சுல இதுவரைக்கும். இருபத்தொன்னுலயும் வந்துச்சு, அப்ப முட்டிதான்.” ஒரு வீட்டின் வெள்ள வரலாற்றை வீட்டுக்காரரிடமோ தரகரிடமோ கேட்டுப் பயனில்லை. அதே இடத்தில் பத்து வருடமாக நின்று தொழில் செய்கிறவரிடம் கேட்க வேண்டும்.

அன்று இரவு விடுதியில், அரசின் ‘எங்கிருந்தும் எந்நேரமும்’ இணையச் சேவையில் அந்தப் புல எண்ணின் புலப்படத்தை, அதாவது நில எல்லைகளைக் காட்டும் அளவை வரைபடத்தை, எடுத்துப் பார்த்தேன். மனைப்பிரிவின் ஓரத்தில் வாய்க்கால் புறம்போக்கு, அதாவது வாய்க்காலுக்கென்று விட்ட அரசு நிலம், தெளிவாக இருந்தது. நிலத்தில் நான் பார்த்தது மூன்றடி சிமெண்ட் சாக்கடை.

ஊர்ப் பெயரை நம்பலாமா என்று கணவர் கேட்டார். பள்ளம், ஏரி, திட்டு என்று பெயரில் இருந்தால் நானும் எச்சரிக்கையாகத்தான் பார்ப்பேன். ஆனால் மேடு என்று இருந்தால் மேடாகிவிடாது. உச்சிமேடு, நாணமேடு இரண்டும் அந்த ஆற்றோரத்தில்தான் இருக்கின்றன, தென்பெண்ணை வெள்ளச் செய்தி வரும்போதெல்லாம் அந்தப் பெயர்களும் வருகின்றன. சுற்றியுள்ள வயலைவிட மேடு என்பதுதான் அந்தப் பெயரின் பொருள், ஆற்றைவிட மேடு என்பதல்ல.

மூன்றாவது வீடு மஞ்சக்குப்பத்தில், வங்கிக்கு நடந்து போகும் தூரத்தில். பழைய வீடு, முதல் மாடி, 17 படி. வாடகை 11,000. நான்காவது திருப்பாதிரிப்புலியூருக்கு மேற்கே, கேப்பர் மலைப் பக்கம் ஏறுகிற சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில். மலை என்று சொல்கிறார்களே தவிர நம் சேர்வராயன் பக்கத்தில் வைத்தால் அது ஒரு திண்ணை. செம்மண் மேடு. ஆனால் கடலூரில் அந்தத் திண்ணைக்கு மதிப்பு அதிகம். தரைத்தளம், வாடகை 10,000, பஸ் ஸ்டாண்டு பக்கம். அந்த வீட்டுக்காரம்மா பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார்: “தண்ணி பயம் இல்லீங்க. தானே புயல் அப்பதான் கரண்ட்டு இல்லாம நாள் கணக்கா கெடந்தோம்.” என் நோட்டில் அதை எழுதி வைத்திருக்கிறேன், பக்கத்தில் எந்தக் குறியும் போடவில்லை.

பருப்புச் சோதனை

நாலு வீட்டிலிருந்தும் ஒவ்வொரு லிட்டர் பாட்டிலில் போர்த் தண்ணீர் பிடித்துச் சேலத்துக்குக் கொண்டுவந்தோம். பரிசோதனைக்கூடத்துக்குக் கொடுக்கலாம் என்பது என் யோசனை. பாட்டி பாட்டில்களை வாங்கிச் சமையலறைக்குள் போய்விட்டார். நாலு சின்னப் பாத்திரம், ஒவ்வொன்றிலும் ஒரு கைப்பிடி துவரம்பருப்பு, ஒரே அடுப்பில் ஒன்று மாற்றி ஒன்று, ஒரே நேரக் கணக்கு. தேவனாம்பட்டினத் தண்ணீரில் பருப்பு கடைசிவரை முழுசாக நின்றது. மனைப்பிரிவுத் தண்ணீரில் ஓரம் மட்டும் வெந்து நடுவில் விதையாக இருந்தது. மற்ற இரண்டிலும் மசிந்தது. கடினத் தண்ணீரில் பருப்பு வேகாது என்பது எல்லா வீட்டிலும் தெரிந்த விஷயம்தான், ஆனால் வீடு பார்க்கிறபோது யாரும் அதைச் செய்வதில்லை. பிறகு கூடத்தில் கொடுத்துப் பார்த்ததிலும் வரிசை அதேதான் வந்தது.

முடிவும் காரணமும்

நான்காவது வீட்டை எடுத்தார்கள், 11 மாத ஒப்பந்தத்தில். கடலூரில் மனை வாங்கிப் போடலாம் என்று உறவினர் ஒருவர் சொன்ன யோசனையைத் தள்ளி வைத்தார்கள். கன்னங்குறிச்சி வீட்டை விற்கவில்லை. ஐப்பசி, கார்த்திகை தாண்டும்வரை எதையும் வாங்குவதில்லை என்பது மருமகளின் முடிவு. நாங்கள் எடுத்த முடிவுகளில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன்.

மஞ்சக்குப்பம் வீட்டைத் தள்ளியதற்கு ஒரே காரணம் பாட்டியின் முழங்கால். அவர் என்னவோ, “மாடின்னா என்ன, மெதுவா ஏறி எறங்கிக்கறேன். கடை கண்ணி பக்கத்துல இருக்குதா, அதைப் பாருங்க” என்றுதான் சொன்னார். நாங்கள் மூன்று பேரும் ஒரே குரலில் வேண்டாம் என்றோம்.

பள்ளி, எரிவாயு இணைப்பு, மாற்றுச் சான்றிதழ் எல்லாம் பிரச்சினை இல்லாமல் முடிந்தன.

நவம்பர் 30 முதல் டிசம்பர் 4 வரை

ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30, சனிக்கிழமை இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அன்று மாலையே கடலூர் வீட்டில் கரண்ட் போய்விட்டது. இரவு முழுக்கக் காற்று. ஞாயிறு காலையில் வாசலில் முறிந்து கிடந்த முருங்கைக் கிளையை அப்புறப்படுத்திவிட்டு, “கடந்துருச்சுங்கண்ணா, ஒண்ணும் ஆகல” என்று கணவர் போன் செய்தார். குரலில் நிம்மதி.

ஞாயிறு மாலை சேலத்தில் எங்களுக்கு மழை பிடித்துக்கொண்டது. கன்னங்குறிச்சியிலிருந்து பார்த்தால் எப்போதும் தெரியும் மலை அன்று இல்லவே இல்லை. அந்த இடத்தில் ஒரு சாம்பல் சுவர். கரையைக் கடந்த புயல் வலுவிழந்து மேற்கே நகர்ந்து எங்கள் தலைக்கு மேல் வந்திருந்தது. நீலப் பென்சில் கோடு நினைவுக்கு வந்தது. இரவு எட்டு மணிக்குப் போன் செய்தேன்.

“மழ அங்க விட்டாச்சு, இங்க கொட்டுது. இது பூரா உங்க பக்கம்தான் வரும். ஆத்தோரமா தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?”

இருந்தார்கள். நாங்கள் வேண்டாம் என்று சொன்ன அதே மனைப்பிரிவில், மருமகளோடு வேலை செய்கிற ஒரு பெண் குடியிருந்தார். மருமகள் உடனே அவருக்குச் சொன்னார். அவர்கள் முதலில் நம்பவில்லையாம், கடலூரில் வானம் தெளிந்திருந்ததே. இருந்தாலும் சான்றிதழ்கள், அரிசி, அடுப்பு, இரண்டு சக்கர வண்டிக்கான காகிதங்கள் எல்லாவற்றையும் மாடிக்கு ஏற்றினார்கள்.

அன்றிரவு ஊத்தங்கரையில் கொட்டிய மழை 50 சென்டிமீட்டர். ஏற்காட்டுப் பாதையில் மண் சரிந்து போக்குவரத்தை நிறுத்தினார்கள். டிசம்பர் 2 விடியுமுன், தென்பெண்ணையின் குறுக்கே உள்ள சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி திறந்துவிட்டார்கள். அது கடலூர்ப் பக்கம் வந்து சேர்ந்தபோது புயல் கடந்து ஒரு நாளுக்கு மேல் ஆகியிருந்தது. அந்தப் பெண்ணின் வீட்டுக்குள் இடுப்புக்கு மேல் தண்ணீர். குடும்பத்தில் எல்லோரும் மாடியில் இருந்தார்கள். கட்டில், பீரோ போயின. ஆட்களுக்கும் காகிதங்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

கேப்பர் மலைப் பக்க வீட்டுக்குள் ஒரு சொட்டு வரவில்லை. நாங்கள் பார்த்துப் பார்த்துச் செய்தது பலித்தது. ஆனால் குழாயிலும் ஒரு சொட்டு வரவில்லை! மூன்று குடும்பத்துக்கும் பொதுவான மேல்தொட்டி ஞாயிறு மதியமே காலி. கரண்ட் இல்லாமல் மோட்டார் ஓடாது. அந்தத் தெருவில் பொதுக்குழாயோ அடிபம்போ கிடையாது. கேன் தண்ணீர் கடைகளில் தீர்ந்துவிட்டது. கணவர் மேட்டிலிருந்து இறங்கி, கீழே ஒரு கோயிலருகே இருந்த அடிபம்பில் இரண்டு குடம் அடித்து மறுபடி மேடேறினார், ஒரு நாளைக்கு ஆறு தடவை. செவ்வாய் இரவுதான் கரண்ட் வந்தது. வீட்டுக்காரம்மா மே மாதத்திலேயே சொன்ன விஷயம் இது. தரகரிடம் கேட்ட கேள்வியைச் சேலத்து அர்த்தத்திலும் அழுத்திக் கேட்டிருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு

பொங்கலுக்குச் சேலம் வந்தபோதுதான் இன்னொன்று தெரிந்தது. பாட்டி நாலு மாதமாக வீட்டை விட்டே இறங்கவில்லை. தரைத்தளம்தான், படியே இல்லைதான். ஆனால் தெருவே சரிவு. தேய்ந்த முழங்காலுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் அதிகம் வலிக்கும். படியில் கைப்பிடி பிடித்துக்கொள்ளலாம், சரிவில் எதைப் பிடிப்பது? ஆட்டோக்காரர்கள் மேட்டுக்கு வர 20 ரூபாய் கூடக் கேட்டார்கள். கன்னங்குறிச்சியில் தினமும் மூக்கனேரிப் பக்கம் நடந்துவிட்டு வந்தவர், கடலூரில் சன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. “உங்களுக்குள்ள பேசி முடிவு பண்ணீங்க, நான் எதுக்குச் சொல்லணும்” என்றார்.

2025 ஏப்ரலில் ஒப்பந்தம் முடிந்ததும் மஞ்சக்குப்பத்தில் வேறொரு மாடி வீட்டுக்கு மாறினார்கள். இந்தத் தடவை ஒரு மழைக்காலத்தைக் கண்ணால் பார்த்திருந்ததால், எந்தத் தெருவில் தண்ணீர் எத்தனை மணி நேரம் நிற்கும் என்று மருமகளுக்கே தெரிந்திருந்தது. அவர் பார்த்த முதல் மூன்று தெருக்களை அதை வைத்துத்தான் தள்ளினார். வீட்டை இறுதி செய்யும் முன் பாட்டியை அழைத்துப்போய்ப் படி ஏறச் சொன்னார்கள். 19 படி. இருபுறமும் கைப்பிடி வைத்துத்தர வீட்டுக்காரர் ஒப்புக்கொண்டார், செலவில் பாதி இவர்களுடையது.

மாற்றிச் செய்ய வேண்டியவை

இன்னொரு குடும்பம் இதே நிலையில் என்னைக் கேட்டால், வீடு பார்க்கப் போகும் பயணத்தில் முழங்கால் வலிக்காரரைக் கட்டாயம் கூட்டிப்போகச் சொல்வேன், வாடகைக் கார் பிடித்தாவது. அந்த வீட்டில் முழுநாளும் இருக்கப்போவது அவர்தான்.

மேட்டையும் பள்ளத்தையும் அளந்த அதே கவனத்தோடு, கரண்ட் இல்லாத மூன்று நாளையும் கணக்குப் போடுவேன். தொட்டி எத்தனை லிட்டர், எத்தனை குடும்பம், நடக்கும் தூரத்தில் அடிபம்பு உண்டா, ஜெனரேட்டர் உண்டா. இந்தக் குடும்பம் இப்போது மாடியில் தனியாக 500 லிட்டர் டிரம் ஒன்று வைத்திருக்கிறது, ஐப்பசி பிறந்ததும் நிரப்பி மூடிவிடுகிறார்கள்.

மே மாதத்தில் பார்த்தது போதாது. கெடிலத்தில் அப்போது தண்ணீர் பேருக்குத்தான் ஓடியது, பாலத்தில் நின்று பார்த்து இது ஆறா என்று நினைத்தோம். ஜூனில் சேர வேண்டியிருந்ததால் வேறு வழியில்லை, ஆனால் முதல் வீட்டை முதல் மழைக்காலத்துக்கு மட்டுமான வீடு என்று ஆரம்பத்திலேயே வெளிப்படையாக வைத்துக்கொண்டிருந்தால், பாட்டிக்கும் அந்த நாலு மாதம் அவ்வளவு நீளமாக இருந்திருக்காது.

டியூப் லெவல், இஸ்திரிக்காரர், புலப்படம், பருப்பு ஆகிய நாலையும் மாற்ற மாட்டேன்.

அந்த நீலப் பென்சில் வரைபடம் இப்போது கடலூர் வீட்டுச் சமையலறைக் கதவில் ஒட்டியிருக்கிறது. போன ஐப்பசியில் ஒரு மாலை பாட்டியே போன் செய்தார். நலம் விசாரித்து முடித்ததும் கேட்டார்: “ஏப்பா, மலை தெரியுதா இப்ப?”

தெரிகிறது என்றேன். சரி என்று வைத்துவிட்டார்.